லாமெனே குருவும் ‘வருங்காலம்’ பத்திரிகையும்

ஒருவன் தன் மனச்சான்றுக்குக் கீழ்ப்படிவதும், தான் சார்ந்த திருச்சபைக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றாயிருக்குங்காறும் இடர்ப்பாடில்லை. அவ்விரண்டும் பிரிந்து வெவ்வேறு வழி காட்டுங்கால் அவன் யாது செய்தல் வேண்டும்? 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பெலிசித்தே லாமெனே என்னும் கத்தோலிக்கக் குருவின் வாழ்க்கை இவ்வினாவிற்கே விரித்தெழுதிய உரைபோல அமைந்துள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1782-இல் சேன்-மாலோ என்னும் துறைமுக நகரில், கப்பல் வாணிகம் செய்த செல்வர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். ஏழாம் வயதில் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. இளமையில் ரூஸோ முதலியோரின் நூல்களைப் பயின்று ஐயத்தில் உழன்ற இவர், 22-ஆம் வயதிலேதான் முதன்முறையாக நற்கருணை பெற்றார். 1816-இல் குருப்பட்டம் ஏற்றார். சமய அலட்சியத்தைக் கண்டித்து 1817-இல் இவர் வெளியிட்ட நூலின் முதற்பகுதி இவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அரசர்கள் திருச்சபையைத் தம் கைப்பாவையாக்கிக் கொண்டனர். அதனை மீட்க வல்லவர் பாப்பரசரே என்பது அக்காலத்து இவர்தம் கொள்கை. பாப்பரசரின் அதிகாரத்தை இவரினும் உயர்த்திப் பேசினோர் அந்நாளில் அரியர். பின்வந்த துயரத்தின் வித்து இதிலேயே கிடந்தது.

1830 ஜூலைப் புரட்சியில் பத்தாம் சார்லஸ் மன்னர் அரியணை இழந்தார். அரியணையோடு ஒட்டி நின்ற திருச்சபையையும் மக்கள் வெறுத்தனர். அதே ஆண்டில் பெல்ஜியத்தில் கத்தோலிக்கரும் சுதந்திரக் கட்சியினரும் கைகோத்து நாட்டுக்கு விடுதலை கண்டனர். இவற்றைக் கண்ட லாமெனே, திருச்சபைக்குத் துணை முடியன்று, சுதந்திரமே எனத் தெளிந்தார். 1830 அக்டோபர் 16-ஆம் நாள் ‘லாவ்னீர்’, அதாவது ‘வருங்காலம்’, என்னும் நாளிதழ் பாரிஸில் பிறந்தது. ‘கடவுளும் சுதந்திரமும்’ என்பது அதன் கொள்கைமொழி. லக்கோர்தேர் என்னும் இளங்குருவும், மோந்தலம்பேர் என்னும் பிரபுவும் இவருக்குத் துணைநின்றனர். மோந்தலம்பேருக்கு அப்போது வயது இருபதே. நம்மனோர் கல்லூரியில் கற்கும் பருவம்!

மனச்சான்றுக்கும், கல்விக்கும், அச்சுக்கும், சங்கம் கூடுதற்கும் சுதந்திரம் வேண்டுமென அவ்விதழ் முழங்கிற்று. அதனினும் துணிவானது மற்றொரு கோரிக்கை. நெப்போலியன் 1801-இல் செய்த உடன்படிக்கையின்படி மேற்றிராணியாரை நியமிப்பதும், குருமாருக்கு ஊதியம் அளிப்பதும் அரசாங்கமே. சோறிடுவோன் சொற்படியன்றோ உண்பவன் நடக்க நேரும்? ஆதலின் அவ்வூதியத்தைத் துறந்து, வறுமையேற்று, விடுதலை பெறுக எனக் குருமாரை லாமெனே அழைத்தார். அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1831 ஜனவரியில் நடுவர் குழுவினர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் அவர்தம் தோழர் அரசின் அனுமதியின்றி ஒரு பள்ளி திறந்தனர். காவலர் அதனை மூடினர். நூறு பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டது.

ஆயினும் இதழை வீழ்த்தியது அரசாங்கமன்று. மேற்றிராணியார் பலரின் சினமே. சந்தாதாரர் குறைந்தனர். 1831 நவம்பர் 15-இல் இதழை நிறுத்திவிட்டு, மூவரும் நீதி நாடி ரோமாபுரிக்குச் சென்றனர். பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் 1832 மார்ச்சில் அவர்களுக்குக் காட்சியளித்தார், இன்முகங் காட்டினார், வந்த காரியம் பற்றியோ வாய்திறந்திலர். ஆகஸ்டு 15-இல் அவர் விடுத்த நிருபம், லாமெனேயின் பெயரைச் சுட்டாமலே, அவர்தம் கொள்கைகளைக் கண்டித்தது. மூனிக் நகரில் நண்பர் அளித்த விருந்தின்போது அந்நிருபம் அவர் கையை அடைந்தது.

லாமெனே முதலில் பணிந்தார். எனினும் ருஷியச் சக்கரவர்த்தியை எதிர்த்து நசுக்குண்ட போலந்துக் கத்தோலிக்கரை, அம்மன்னருக்கே அடங்கியிருக்குமாறு பாப்பரசர் பணித்தமை அவர் நெஞ்சைப் பிளந்தது. 1834-இல் ‘ஒரு விசுவாசியின் மொழிகள்’ என்னும் நூலை வேதாகம நடையில் எழுதி, ஏழைகளின் சார்பில் அரசரைச் சாடினார். அந்நூலும் கண்டிக்கப்பட்டது. தோழர் இருவரும் பிரிந்து திருச்சபைக்கு அடங்கினர். இவர் தனித்து நின்றார். அரசாங்கத்தைத் தாக்கிய சிறுநூலுக்காக 1841-இல் ஓராண்டு சிறைபுகுந்தார். 1848 புரட்சியில் மீண்டும் ஒரு பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை நடத்துவோர் பிணைப்பணம் கட்டல் வேண்டுமென்ற சட்டம் வரவே, ஏழைக்கு வாய்ப்பூட்டு என நொந்து அதனை நிறுத்தினார். 1854 பிப்ரவரி 27-இல் இறந்தார். அவர் விருப்பின்படியே குருவின் சடங்கின்றி, சிலுவையுமின்றி, வறியோரின் பொதுக்குழியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இனி, பிழை எவர்பாலது? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரத்தை மனிதரின் உரிமையென அறிக்கையிட்டது. 133 ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கப்பட்டவர் கேட்டவற்றுள் ஒன்று இவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதனால் அவர் செய்ததெல்லாம் சரியென்று கூறிவிடலாகாது. பாப்பரசர் சொல்லே முடிந்த முடிபு என்றவர், அச்சொல் தம் சொல்லாகவே இருக்குமென எதிர்பார்த்தார். காத்திருக்கும் பொறுமை அவர்பால் இல்லை. லக்கோர்தேர் பணிந்து காத்திருந்து, புரட்சியில் அழிந்த சாமிநாதர் சபையைப் பிரெஞ்சு நாட்டில் மீண்டும் நிறுவினார். ஒருவர் உண்மையை முன்னதாகக் கண்டார். மற்றவர் அதற்குரிய காலம் வருமளவும் உள்ளிருந்து உழைத்தார்.

திருச்சபைக்கு இவ்விருவரும் வேண்டும். முன்னவரைப் போன்றார் வெளியே தள்ளப்படாமலும், பின்னவரைப் போன்றார் ஊமையாக்கப்படாமலும் காக்கும் சபையே சுதந்திரத்தின் பொருளை உணர்ந்த சபையாகும்.