புரூப் பார்க்காமல் ஓடும் மிஷின்

சிவகாசிக்காரர்களுக்குப் புற்றுநோயை விளக்க, அச்சகத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை நண்பர்களே! நம் செல் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்ற புத்தகம் இருக்கிறது. தாய் தந்த பிரதி ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இவ்வளவையும் மறுபடி அச்சடித்தாக வேண்டும்.

எழுத்துக் கோக்கும் பாலிமரேஸ் என்ற என்சைம் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று தப்பாகக் கோக்கும். உடனே தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அப்புறம் வேறு சில புரோட்டீன்கள் இரண்டாம் புரூப் பார்க்கும். கடைசியில் மிஞ்சுவது நூறு கோடிக்கு ஒரு பிழை அளவுதான். நம் ஊர் காலண்டரில்கூட இந்தச் சுத்தம் உண்டா, சொல்லுங்கள்! பிழை அதிகமானால் மிஷினையே நிறுத்திவிடும் போர்மேனும் உண்டு. 1979-இல் கண்டறியப்பட்ட பி-53 என்ற புரோட்டீன்தான் அவர். மனிதப் புற்றுகளில் சுமார் பாதியில் இவர் கெட்டுப்போயிருக்கிறார்.

சிக்கல் எங்கே வருகிறது? ஏதோ ஒரு பக்கத்தில் பிழை விழுந்தால் அந்தப் பக்கத்தோடு போகும். புரூப் பார்ப்பவரை உண்டாக்கும் பக்கத்திலேயே விழுந்தால்? அதன்பின் ஒவ்வொரு பதிப்பிலும் பிழை ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் மரபணு நிலையின்மை என்கிறார்கள். ஒரே கட்டிக்குள் பல ரகச் செல்கள். மருந்து ஒன்பது ரகத்தைக் கொல்லும். பத்தாவது ரகம் தப்பிப் பெருகும்.

இந்தப் பலவீனத்தையே பிடித்து அடிக்கிற மருந்தும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. மரபணு இரு பிரதியிலும் கெட்ட புற்றுச்செல்லுக்கு, டி.என்.ஏ.வில் விழும் பெரிய அறுபடலைச் சரியாக ஒட்டத் தெரியாது. சின்ன அறுபடலை ஒட்டும் வழியையும் ஓலாபரிப் முடக்கிவிட, அது சாகிறது. ஒரு நல்ல பிரதியாவது உள்ள மற்ற செல்கள் சமாளித்துக்கொள்கின்றன. 2014-இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுக்கு இதை அனுமதித்தார்கள். விலைதான் நம்மை மிரட்டுகிறது.

இனி நம் ஊர்க் கதை. பட்டாசு ஆலைக்குள் பீடிக்கு இடமில்லை; நியாயம்தான். அதற்குப் பதிலாகக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். புகையிலையின் நைட்ரோசமைன்கள் டி.என்.ஏ. எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ள, அடுத்த பிரதியில் அது தப்பாக வாசிக்கப்படுகிறது.

எங்க பெரியப்பா வாயில் ஒரு வெள்ளைத் திட்டு. "வலிக்கவே இல்லையே தம்பி, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். எல்லாத் திட்டும் புற்றாவதில்லை. ஆகிற திட்டாக இருந்தால், வலி இல்லாத நாளில்தான் பதிப்புகள் குறைவு. பரவுமுன் அறுத்தெடுத்தால் எல்லா ரகமும் ஒன்றாகப் போய்விடும் என்று அவருக்கும் இதே அச்சகக் கதையைச் சொன்னேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை எடுத்த எடுப்பில் போக வேண்டியதில்லை. 2022-இல் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.