குதிரை ஓடலாம், கூட்டம் கூடலாமா?

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் பட்டணத்துக் காப்பிக் கடைகளிலும் வார இறுதியானால் பந்தயத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் குதிரை முந்தும், எது பிந்தும் என்று வாதாடும் பெரியவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் அந்த மேசைகள் காலியாயின. சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றத்தின் திடலிலும் பந்தய ஆரவாரம் அடங்கியது.

அடங்கியது ஆரவாரம் மட்டுந்தான். திடலுக்குப் பின்னால் இருக்கும் லாயங்களில் குதிரைகள் பசித்து நின்றன. அவற்றுக்குத் தீனி வைக்கவும், குளிப்பாட்டவும், நடத்திச் செல்லவும் ஆட்கள் விடியலுக்கு முன்பே எழுந்தாக வேண்டியிருந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்தபோதும் அவர்களால் வேலையை நிறுத்த முடியவில்லை.

கருத்துக்களத்தின் கேள்வி இதுதான்: ஒரு பெருந்தொற்றின் நடுவில் குதிரைப் பந்தயத்தைப் பாதுகாப்பாக மீண்டும் தொடங்க முடியுமா? முடியும் என்றால், யாருடைய பாதுகாப்பை முதலில் எண்ண வேண்டும்?

'சூதாட்டந்தானே, நின்றால் நல்லது' என்று சொல்பவர்கள் உண்டு. பந்தயத்தில் பணம் கட்டுவது குடும்பத்துக்கு நல்லதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு கேள்வி. திடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும், வாய் பேச முடியாத விலங்குகளும் இருக்கும்வரை, இந்தக் கேள்விக்கும் விடை தேடத்தான் வேண்டும்.

பழைய திடல், பழைய சொல்

சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றத்தின் வரலாறு 1896ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இன்று இரட்டைக் கோபுரங்கள் வானளாவ நிற்கும் அம்பாங் சாலைப் பகுதியில்தான் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1990களின் தொடக்கத்தில் மன்றம் சுங்கை பீசிக்கு இடம் பெயர்ந்தது. ஈப்போவின் பேராக் மன்றம், பினாங்கு மன்றம், சிங்கப்பூர் மன்றம் ஆகியவற்றோடு சேர்ந்து மலாயா குதிரைப் பந்தயச் சங்கத்தின் குடையின்கீழ் இது பல்லாண்டுகள் இயங்கியது.

குதிரையைப் பராமரிப்பவரைச் 'சைஸ்' என்று அழைப்பது இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்த வழக்கம். மலாய் மொழியிலும் 'சாயிஸ்' என்ற சொல் இன்றளவும் இருக்கிறது. பந்தய நாளில் தொலைக்காட்சிக் கேமராக்கள் குதிரையோட்டியையும் கோப்பை வாங்கும் உரிமையாளரையும் காட்டும். சைஸ் படத்தின் ஓரத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்பார். தொற்றுக் காலத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஓரத்தில் நிற்பவரைப் பற்றியதுதான்.

குதிரைக்கு விடுமுறை உண்டா?

காற்பந்துத் திடலைப் பூட்டினால் பந்தை அலமாரியில் வைத்துவிடலாம். குதிரையை அப்படி வைக்க முடியாது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் தீனியும், 30 லிட்டருக்கும் மேல் தண்ணீரும் வேண்டும். நம் நாட்டு வெயிலில் தண்ணீர்த் தேவை இன்னும் கூடும். நாள் முழுக்க லாயத்துக்குள் அடைத்து வைத்தால் குடல் கோளாறு வரலாம், கால்கள் வீங்கும், விலங்கு மிரளத் தொடங்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வேகப் பயிற்சியின்போது குதிரையின் எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்றபடி தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்கிறது. பல வாரங்கள் வேகமாக ஓடாமல் இருந்துவிட்டுத் திடீரெனப் பந்தயத்தில் ஓடவிட்டால் எலும்பு முறியும் அபாயம் அதிகம். கீழே விழுவது குதிரை மட்டுமல்ல, மேலே இருக்கும் மனிதரும்தான். ஆகவே, 'நாளை முதல் பந்தயம்' என்று ஓர் அறிவிப்பில் தொடங்கிவிட முடியாது. நடை, மெல்லோட்டம், வேக ஓட்டம் என்று வாரக்கணக்கில் படிப்படியாகத் தயார்ப்படுத்த வேண்டும். பாதுகாப்பான மறுதொடக்கத்தின் முதல் விதி, தேதியை முன்கூட்டியே சொல்வது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஹாங்காங் 2020இல் பந்தயத்தை நிறுத்தவே இல்லை. பொதுமக்களை உள்ளே விடாமல் காலியான இருக்கைகளுக்கு முன்னால் குதிரைகளை ஓடவிட்டது. ஜப்பான் அவ்வாண்டு பிப்ரவரி 29ஆம் தேதி முதல் பார்வையாளர் இன்றிப் பந்தயங்களை நடத்தியது. வீட்டிலிருந்தே தொலைபேசி, இணையம் வழி பந்தயம் கட்டும் வழக்கம் அவ்விரு இடங்களிலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், கூட்டம் இல்லாவிட்டாலும் வருமானம் அற்றுப்போகவில்லை.

பிரிட்டனின் கதை வேறு. 2020 மார்ச் 10 முதல் 13 வரை செல்டனமில் நடந்த பெருவிழாவில் நான்கு நாளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கூடினர். அந்த விழாவை நடத்தியிருக்கலாமா என்ற சர்ச்சை நெடுநாள் ஓயவில்லை. சில நாட்களில், மார்ச் 18ஆம் தேதி முதல், அங்கும் பந்தயம் நின்றது. ஜூன் 1ஆம் தேதி நியூகாசல் திடலில் மீண்டும் தொடங்கியபோது நிலைமை தலைகீழ். பார்வையாளர் இல்லை, உரிமையாளருக்கும் அனுமதி இல்லை. ஒரு பந்தயத்துக்கு 12 குதிரைகளுக்கு மேல் இல்லை. குதிரையோட்டிகள் முகக்கவரி அணிந்தே ஓட்டினார்கள். எடை குறைக்க அவர்கள் வியர்த்துக் கிடக்கும் நீராவி அறைகள் மூடப்பட்டன. அவை பிறகு திறக்கப்படவே இல்லை. தடைகளைத் தாண்டும் பந்தயத்தில் விழுந்து அடிபடுவோர் அதிகம் என்பதால் அது இன்னும் ஒரு மாதம் காத்திருந்து ஜூலை 1ஆம் தேதிதான் தொடங்கியது. மருத்துவமனைகள் திணறும் நேரத்தில் ஓர் எலும்பு முறிவும் பாரந்தான் அல்லவா?

அண்டை நாடான சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் தேதி கடும் கட்டுப்பாடு வந்தது. கிராஞ்சித் திடலில் பந்தயம் ஜூலை 11ஆம் தேதிதான், அதுவும் மூடிய கதவுகளுக்குள், மீண்டும் நடந்தது.

மூன்று வட்டங்கள்

இந்த அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு திடலை மூன்று வட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதல் வட்டத்தில், யார் இல்லாவிட்டால் பந்தயமே இல்லையோ அவர்கள்: குதிரையோட்டி, சைஸ், பயிற்சியாளர், கால்நடை மருத்துவர், புறப்பாட்டுக் கூண்டில் குதிரையை ஏற்றுபவர்கள், நடுவர்கள், மருத்துவர், ஓட்டத்தைப் பின்தொடரும் அம்புலன்ஸ் ஊழியர். இரண்டாவது வட்டத்தில் ஒளிபரப்பாளர்களும் உரிமையாளர்களும். மூன்றாவது வட்டத்தில் பார்வையாளர்களும் பணம் கட்டுபவர்களும்.

திறக்கும்போது உள்ளிருந்து வெளியே திறக்க வேண்டும். மூடும்போது வெளியிலிருந்து உள்ளே மூட வேண்டும். குதிரை மனிதருக்குக் கோவிட் 19 நோயைப் பரப்பியதற்குச் சான்று இல்லை. திறந்தவெளித் திடலும் காற்றோட்டமுள்ள லாயமும் ஒப்பளவில் ஆபத்து குறைந்த இடங்கள். ஆபத்து இருந்தது உடைமாற்றும் அறையில், சேர்ந்து உண்ணும் இடத்தில், ஊழியரை ஏற்றிச் செல்லும் வேனில், பணம் கட்டும் முகப்பிடத்தின் வரிசையில். தொடக்கத்தில் பலரும் கடிவாளத்தையும் சேணத்தையும் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். துடைப்பது தவறல்ல. ஆனால், நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழி பரவுகிறது என்பது தெளிவான பிறகு, சன்னலைத் திறப்பதும் ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரிப்பதுமே அதிகப் பயன் தரும் என்று புரிந்தது. ஒரு குழுவில் ஒருவருக்கு நோய் கண்டாலும் மற்றக் குழு குதிரைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக் கூட்டத்தைத் தவிர்த்து ஒன்றை நடத்துவது மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 2021 ஜனவரியில் தைப்பூச வெள்ளிரதம் பக்தர் வெள்ளம் இன்றிப் பத்துமலைக்குச் சென்றது. வழிபாட்டையும் பந்தயத்தையும் ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். உயிர் காக்க வேண்டிய நேரத்தில், மிகப் புனிதமான நிகழ்வுக்கே கூட்டத்தை விட்டுக்கொடுத்தவர்கள், கேளிக்கைக்கு விட்டுக்கொடுப்பதில் என்ன தயக்கம்?

குதிரைகளுக்கும் ஒரு கொள்ளைநோய்

மனிதர்கள் கோவிட் 19 நோயோடு போராடிய அதே 2020இல் குதிரைகளுக்கும் ஒரு கொள்ளைநோய் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் எனப்படும் அது, அவ்வாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில் தோன்றி 500க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. தென்கிழக்காசியாவில் இந்நோய் காணப்பட்டது அதுவே முதல் முறை. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவிலும் இந்நோய் பதிவானதாக உலக விலங்கு நல அமைப்புக்கு அறிவிக்கப்பட்டது.

கொசுவைவிடச் சிறிய, இரத்தம் உறிஞ்சும் பூச்சிகள் இதைப் பரப்புகின்றன. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால், எதிர்ப்புச் சக்தி இல்லாத குதிரைகளில் பத்துக்கு ஒன்பதுகூட இறந்துவிடக்கூடும். குறிப்பிட்ட மருந்தும் கிடையாது. தடுப்பூசி, லாயத்தைச் சுற்றி நுண்வலை, அந்தி சாய்ந்த பிறகு குதிரையை வெளியே விடாமை, குதிரைகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லத் தடை ஆகியவையே வழி.

குதிரை உலகத்துக்கு இத்தகைய தடைகள் பழக்கமானவை. 2007 ஆகஸ்ட்டில் குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியபோது ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் பந்தயம் நின்றது. 2019 பிப்ரவரியில் அதே காரணத்துக்காகப் பிரிட்டனில் ஆறு நாள் நின்றது. அன்றாடம் உடல் வெப்பம் பார்ப்பது, புதிதாக வந்ததைத் தனியே வைப்பது, யார் எங்கே போனார் என்று பதிவு செய்வது ஆகியவற்றைக் குதிரை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். மைசெஜாத்திரா செயலி வழி மலேசியர்கள் கற்றுக்கொண்டதை லாயங்கள் முன்பே அறிந்திருந்தன. குதிரைக்குக் காட்டிய அந்த அக்கறை, அதைப் பிடித்து நிற்கும் மனிதருக்கும் கிடைத்ததா?

சைஸ் எங்கே உறங்குகிறார்?

கருத்துக்களத்தின் மையக் கேள்வி இங்கேதான் இருக்கிறது. முகக்கவரி, உடல் வெப்பச் சோதனை, கூடல் இடைவெளி எல்லாம் வேலை நேரத்துக்கானவை. வேலை முடிந்து ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துப் படுத்தால் பகலில் காத்த இடைவெளிக்குப் பொருளே இல்லை.

இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில், கையுறைத் தொழிலாளர் தங்குவிடுதிகளில் 'தெராத்தாய்' என்று பெயரிடப்பட்ட தொற்றுத் தொகுப்பு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அதற்கு முன்பே சிங்கப்பூரில், 2020இல் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழகத்துப் பிள்ளைகளும் பலர். தொழிலாளர் தங்குமிடங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் 446ஆவது சட்டம் மலேசியாவில் திருத்தப்பட்டு, 2020 செப்டம்பர் முதல் கண்டிப்பாக அமலாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

லாயத்துப் பணியாளரும் பெரும்பாலும் குதிரைகளுக்கு அருகிலேயே தங்குபவர். நடு இரவில் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் எழுந்து ஓட வேண்டியவர் அவர்தான். ஆகவே பந்தயத்தைத் தொடங்குமுன் ஒவ்வொரு திடலும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள்? நோய் கண்டவரைத் தனியே வைக்க இடம் இருக்கிறதா? விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. காய்ச்சல் என்று சொன்னால் கூலி போய்விடும் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். அவர் மறைத்தால் திடலில் உள்ள எந்த ஏற்பாடும் பயன் தராது.

கூட்டம் திரும்பி வந்ததா?

கதவைத் திறந்த பிறகு கூட்டம் பழையபடி வரும் என்ற உறுதியும் இல்லை. சிங்கப்பூரில் 2010இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 11,000 பேர் வந்தார்கள். 2019இல் அது ஏறத்தாழ 6,000. தொற்றுக்குப் பின் திறந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ 2,600 மட்டுமே. 180 ஆண்டுகளுக்கும் மேலான பாரம்பரியம் கொண்ட அந்த மன்றம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. தொற்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. என்றாலும், பார்வையாளர் இல்லாமலும் பந்தயம் நடக்கும் என்று தொற்றுக்காலம் காட்டியது. பார்வையாளரே விரும்பாவிட்டால் நெடுநாள் நடக்காது என்பதையும் கிராஞ்சி காட்டிவிட்டது.

நேயர்களே, அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது, எதை மூடுவது, எதைத் திறப்பது என்ற வாதம் மீண்டும் எழும். அது குதிரைப் பந்தயமாக இருக்கலாம். தொழிற்சாலையாகவோ சந்தையாகவோகூட இருக்கலாம். அப்போது இருக்கைகளில் எத்தனை பேரை உட்கார வைக்கலாம் என்ற கணக்கோடு வாதத்தைத் தொடங்க வேண்டாம். யார் இல்லாமல் வேலை நடக்காதோ, அவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்று கேட்டுத் தொடங்குவோம். அவருக்குப் பாதுகாப்பு இருந்தால் குதிரை ஓடலாம். கூட்டம் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.