கடல் கடந்த கல்வியும் செலவுக் கணக்கும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் இலங்கையின் பல இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. பிள்ளையை உள்நாட்டிலே படிப்பிப்பதா, கடல் கடந்து அனுப்புவதா என்பதே அவ்வினா. பல்கலைக்கழகம் புகத் தகுதி பெறுவோர் அனைவருக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. ஆதலால் இவ்வினா செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் இதற்கு விடை தேடுவோர் பலர்.

கொழும்பில் 1921ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அங்கு பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1974இல் யாழ்ப்பாணத்திலும் பல்கலைக்கழக வளாகம் ஒன்று அமைந்தது. ஏழைப் பிள்ளையும் கட்டணமின்றிப் பட்டம் பெறும் வழி இவ்வாறு பிறந்தது.

எனினும், இலவசம் என்றால் செலவே இல்லை என்பது பொருளன்று. வவுனியாவிலிருந்து பேராதனைக்குச் செல்லும் மாணவிக்கு அறை வாடகையும் உணவும் பேருந்துக் கட்டணமும் நூல்களும் வேண்டும். 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் இச்சுமையில் ஒரு பகுதியையே தாங்கும். கண்ணுக்குத் தெரியாத செலவு வேறொன்றுண்டு, அது காலம். பரீட்சைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையே நெடுநாட் காத்திருக்க நேர்கின்றது. உழைப்புத் தொடங்குவது ஓராண்டு பிந்துமாயின், அவ்வாண்டுச் சம்பளமும் செலவுக் கணக்கிலே சேர வேண்டியதே.

இனி வெளிநாட்டுக் கணக்கை நோக்குவோம். பெற்றோர் முதலிற் கேட்பது கல்விக்கட்டணம் எவ்வளவு என்பதையே. ஆனால் அதன் பின்னால் வேறு செலவுகள் வரிசையாக நிற்கின்றன. அவுஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024 யூலையில் 1,600 அவுஸ்திரேலிய டொலராகவும், 2025 யூலையில் 2,000 டொலராகவும் உயர்ந்தது. பிரித்தானியா செல்லும் மாணவர்க்கு ஆண்டொன்றுக்கு 776 பவுண் மருத்துவக் கட்டணம் 2024இல் விதிக்கப்பட்டது. ஜேர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் இட்டுக் காட்டவேண்டும் என்பது 2024 செப்ரெம்பரில் வந்த விதி. அப்பணம் மாணவனுக்கே மாதந்தோறும் மீண்டு வரும். ஆனால் புறப்படுமுன்னரே அதைத் திரட்டியாக வேண்டும்.

இவை எல்லாவற்றினும் பெரிய ஆபத்து நாணயமாற்று ஆகும். 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. ஆண்டுக்கு 10,000 டொலர் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபா, சில வாரங்களில் 36 இலட்சமாயிற்று. பல்கலைக்கழகம் ஒரு சதமேனும் கூட்டவில்லை, ரூபாவே வீழ்ந்தது. குடும்பத்தின் வருமானம் ரூபாவிலும் செலவு டொலரிலும் இருக்கும்போது, இந்த ஆபத்து படிப்பு முடியும்வரை தொடர்கின்றது.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று சிலர் எண்ணுவர். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக்காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரையே உழைக்கலாம். அவ்வூதியம் உணவுக்கு உதவலாம். கட்டணத்தையும் அதன்மீது சுமத்துவது விவேகமாகாது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே வேறு வழிகளும் உள. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் பெறுகின்றது. ஆனால் அது ரூபாவில் செலுத்துவது. முதற்பட்டத்தை உள்நாட்டிலே பெற்று, மேற்பட்டத்துக்குக் கடல் கடப்பது மற்றொரு வழி. பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்ற உதவிகள் பெரும்பாலும் மேற்பட்ட மாணவர்க்கே கிடைக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் பயில்வோர் பலருக்குக் கட்டணம் நீங்குவதோடு உதவிப்பணமும் உண்டு. அந்நிலையில் காணியை ஈடு வைக்கும் தேவை எழுவதில்லை.

ஆகவே முடிவு செய்யுமுன் ஒரு தாளில் மூன்று நிரல்கள் வரைதல் நன்று. ஒன்றில் கட்டணத்தையும், அடுத்ததில் வாழ்க்கைச் செலவையும், மூன்றாவதில் காலத்தையும் குறித்தல் வேண்டும். வெளிநாட்டுத் தொகைகளை அன்றைய நாணயமாற்று விகிதத்தில் ஒரு முறையும், ரூபா பாதியாக வீழ்ந்தால் என்னவாகும் என்று மறுமுறையும் கணித்தல் வேண்டும். இரண்டாம் கணக்கையும் தாங்கக்கூடிய குடும்பம் துணிந்து அனுப்பலாம். தாங்க முடியாத குடும்பத்துக்கு உள்நாட்டு வழி தாழ்ந்த வழியன்று. பிள்ளையின் படிப்பு நடுவழியில் நில்லாமல் காக்கும் வழி அது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். கல்விக்கு இடும் பணத்தை அளந்து இடுவது கல்வியை மதியாமையன்று; அதை நிறைவுறச் செய்யும் முதற்படியாகும்.