விளையாட்டுக்காகக் கல்லூரி அழைக்கிறதா? கையெழுத்திடும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு, மாநில அளவில் ஹாக்கி, காற்பந்து, திடல் தடப் போட்டிகளில் பெயர் எடுத்த மாணவர்களின் வீட்டுக்குத் தனியார் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவதுண்டு. “எங்களுக்காக விளையாடுங்கள், கட்டணத்தில் கழிவு தருகிறோம்” என்பார்கள். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோருக்கு இது பெரிய செய்தி.

சிறிய கல்லூரி என்பதற்காகவே அதை ஒதுக்க வேண்டியதில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு, சிறிய கல்லூரியில் முதல் ஆண்டிலேயே களமிறங்கும் வாய்ப்பு கிடைக்கலாம். ஆனால் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அழைப்பை எடைபோட வேண்டும். முழங்காலில் அடிபட்டு நாளை பிள்ளை விளையாட முடியாமல் போனால், அங்கே அவருக்கு என்ன மிஞ்சும்?

முதலில் படிப்பு

கல்லூரிக்குப் பெயர் இருந்தால் போதாது. பிள்ளை சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம் கிடைக்கும். முழு அங்கீகாரம் பிறகுதான் வரும். எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடனும் கிடைக்காது.

“விளையாட வருபவர்களுக்கு இந்தப் படிப்புதான்” என்று அவர்களே ஒன்றைத் தேர்ந்து கொடுத்தால் கவனம் தேவை. பயிற்சி நேரத்துக்கு ஒத்துவரும் படிப்பு, பிள்ளைக்கு ஒத்துவரும் படிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கழிவு எதில், எவ்வளவு நாள்?

உதாரணத்துக்கு, மூன்றாண்டுப் படிப்பின் கல்விக் கட்டணம் 30,000 ரிங்கிட், கழிவு 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரிங்கிட் கட்ட வேண்டும். தங்கும் விடுதிக்கு மாதம் 400 ரிங்கிட் என்றால் 36 மாதங்களுக்கு 14,400. மொத்தம் 29,400 ரிங்கிட். பாதி இலவசம் என்று கேட்டு மகிழ்ந்த குடும்பம், கடைசியில் முழுக் கட்டணத்துக்கு நிகரான தொகையைத் தேட வேண்டியிருக்கும். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சாப்பாடு, சீருடை, காலணி எல்லாம் இதற்கு மேல்.

உபகாரச் சம்பளம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, எவ்வளவு சிஜிபிஏ எடுக்க வேண்டும், பயிற்றுநர் மாறினால் தொடருமா, இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. கடிதத்தில் இருப்பது மட்டுமே உறுதி.

அணி உண்மையில் விளையாடுகிறதா?

விளம்பரத் தாளில் உள்ள கோப்பைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்ற ஆண்டு எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள், அரசு, தனியார் உயர்கல்விக் கூடங்கள் மோதும் சுக்கிப்ட் போட்டிக்கு அணி அனுப்பினார்களா என்று கேளுங்கள். பயிற்றுநர் முழுநேரமா, பகுதிநேரமா? பிள்ளை விளையாடும் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரே ஒரு கோல்காவலர் ஆடும் ஆட்டத்துக்கு நான்கு கோல்காவலர்களைச் சேர்த்திருந்தால், மூன்று பேர் பெரும்பாலும் வெளியேதான் இருப்பார்கள்.

திடல் சொந்தமா, வாடகையா என்பதும் முக்கியம். இரவு எட்டு மணிக்குத் தொலைவிலுள்ள திடலில் பயிற்சி முடிந்தால், கிள்ளானில் இருந்து வரும் பிள்ளை கொம்யூட்டர் இரயிலைப் பிடித்து எத்தனை மணிக்கு வீடு சேரும்? மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் யார் கண் விழித்திருப்பார்?

அடிபட்டால்?

காப்புறுதி உண்டா, இயன்மருத்துவச் செலவு யாருடையது, ஒரு பருவம் முழுவதும் ஆட முடியாவிட்டால் கழிவு நிற்குமா என்ற மூன்றையும் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அதுவே பதில்.

இறுதியாண்டு விளையாட்டாளர்கள் இரண்டு மூன்று பேரிடம், அதிகாரிகள் இல்லாத இடத்தில் பேசுங்கள். உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கப் போகிறார்கள் என்று கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும்.

அவசரம் வேண்டாம்

“இந்த வாரமே பதிவு செய்யுங்கள்” என்று நெருக்கினால், யுபியு முடிவு வரும்வரை அவகாசம் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. விளையாட்டில் பெற்ற சான்றிதழ் அங்கேயும் கைகொடுக்கும். முன்பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விளையாட்டும் படிப்பும் ஒன்றாகப் போகாது என்பதில்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3 தங்கம் வென்ற டான்ஸ்ரீ எம்.ஜெகதீசன் மருத்துவரானவர். சுவர்ப்பந்து வீராங்கனை எஸ்.சிவசங்கரி அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2023இல் ஹாங்சோவில் ஆசியத் தங்கம் வென்றார். கோர்னல் இடம்பெற்றுள்ள ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளமே தருவதில்லை.

விளையாடும் காலம் சில ஆண்டுகள்தான். பட்டம் அதற்குப் பிறகும் சோறு போட வேண்டும். அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் இந்தப் படிப்புக்காக, இந்தச் செலவில், இதே கல்லூரிக்கு அனுப்புவோமா? ஆம் என்றால் கையெழுத்திடுங்கள். தயக்கம் வந்தால், இன்னும் இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.