மெஷினுக்குள் மாட்டிய வால்!

ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் எதையெதையோ மூட்டை கட்டுவார்கள். ஸ்வெட்டர், மங்கி கேப், தலைவலித் தைலம், மலைப்பாதை வாந்திக்கு எலுமிச்சம்பழம்... 2024 மே மாதம் நாங்கள் நாலு பேர் காரில் கிளம்பியபோது இதெல்லாம் பத்திரமாக இருந்தது. அந்த மாதம்தான் அமலுக்கு வந்த இ-பாஸ்கூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று... ரொக்கம்!

"எல்லாம் போன்லயே பண்ணிக்கலாம்டா. இளநிக்காரர்கூட க்யூ.ஆர். கோடு வெச்சிருக்கார்" என்றான் நண்பன். கல்லாறு வரைக்கும் அவன் வாக்கு பலித்தது. அதற்கு மேல் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைய வளைய போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. குன்னூர் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நாங்கள் ரூம் போட்டிருந்த வீட்டில் ஒரு கோடுகூட பாக்கியில்லை. "போன்ல அனுப்பினா எனக்கு வந்துச்சா இல்லையான்னே தெரியாதுங்க. கேஷா குடுத்துடுங்க சார்" என்றார் வீட்டுக்காரர், ரொம்ப மரியாதையாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏ.டி.எம். தேடி குன்னூருக்கு வந்தேன்.

முதல் மெஷினில் பணம் காலி. இரண்டாவது மெஷின் கார்டை வாங்கியது. ரகசிய எண் கேட்டது. உள்ளே 'கடகட'வென்று நோட்டு எண்ணுகிற சத்தமெல்லாம் கொடுத்தது. கடைசியில் 'ஸாரி' சொல்லிவிட்டது! பணம் வரவில்லை. 5,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ். மட்டும் டாணென்று வந்தது.

பதறாதீர்கள். பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது, இந்த மாதிரி விதிகளைப் படிக்கிற பழக்கம்தான். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, இப்படிக் கணக்கில் கழிந்து கைக்கு வராத பணத்தை, அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நாலாம் நாளே என் பணம் திரும்பி வந்துவிட்டது. (இன்னும் ரெண்டு நாள் தாமதித்திருக்கக் கூடாதா என்று நண்பனுக்கு வருத்தம்!)

மூன்றாவது மெஷின்தான் கதை.

வாசலில் இருபது பேர் க்யூ. முக்கால்வாசிப் பேர் என்னைப் போல ஸ்வெட்டர் ஆசாமிகள். ஆளுக்குப் பத்தாயிரம் என்று உருவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால், துணிப்பையில் பாஸ்புக்கோடு ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர் என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. அவர் முறை வந்ததும் உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல நூறு ரூவா நோட்டு வரலியா?"

எட்டிப் பார்த்தேன். ஐந்நூறின் மடங்கில் மட்டும் கேட்கச் சொன்னது திரை. "ஐந்நூறுதான் வருமாம் அக்கா. எவ்வளவு இருக்கு?"

"நானூத்தி எழுபத்திரெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கையில் மருந்துச் சீட்டு. வீட்டில் மாமியாருக்கு பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டதாம்.

"கவுண்டர்ல கேட்டா குடுப்பாங்களே அக்கா?"

"நாளைக்கு பேங்க் தொறக்கறப்ப நான் காட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்பேன். பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதான் தம்பி. லீவு ஃப்ரீயா?"

என் பி.காமில் இதற்குப் பதில் இல்லை.

"முன்னெல்லாம் சம்பளத்தைக் கையில குடுப்பாங்க. சில்லறை வரைக்கும் எண்ணிக் குடுப்பாங்க. இப்ப ஒவ்வொரு மாசமும் வால் மட்டும் மெஷினுக்குள்ள மாட்டிக்குது" என்றார்.

வால் ஏன் மாட்டுகிறது? மெஷினுக்குள் நோட்டுப் பெட்டிகள் இருக்கின்றன, சாதாரணமாக நாலு. ஒரு பெட்டியில் சுமார் 2,000 நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் அடுக்கினால் 2 லட்சம். ஐந்நூறு அடுக்கினால் 10 லட்சம். பணம் மலையில் விளைவதில்லை. வேனில், துப்பாக்கிக்காரர் துணையோடு போய் நிரப்ப வேண்டும். கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்கு மேல் நிரப்பக்கூடாது என்று உள்துறை அமைச்சகத்தின் விதி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. போதாக்குறைக்கு, மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் மெஷின் காலியாகக் கிடந்தால் வங்கிக்கு 10,000 ரூபாய் அபராதம். இது 2021 அக்டோபரிலிருந்து. நீங்கள் வங்கி அதிகாரியாக இருந்தால் எந்த நோட்டை அடுக்குவீர்கள்? ஐந்நூறுதானே! கணக்கு சரி. அந்த அக்காவுக்கு மாத்திரைதான் கிடைக்காது.

க்யூவில் பின்னாலிருந்து குரல்: "சீக்கிரம் சார்!"

சட்டென்று ஒரு யோசனை. குன்னூர் ஊருக்குள் என் போனுக்கு உயிர் வந்திருந்தது. "அக்கா, பாஸ்புக்கைக் காட்டுங்க." கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் அதில் இருந்தன. 28 ரூபாய் அனுப்பினேன். மறுபடி கார்டைப் போடச் சொன்னேன். மெஷின் கடகடத்தது. முழுசாக ஒரு ஐந்நூறு!

"இருங்க தம்பி, வந்துடறேன்" என்று மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினார் அக்கா. நானும் என் பங்குக்கு ஐந்நூறுகளை எடுத்துக்கொண்டு (ஸ்வெட்டர் ஆசாமிதானே நானும்!) வெளியே நின்றேன்.

நிற்கும்போது கிரேக்க நாட்டு ஞாபகம் வந்தது. 2015 ஜூன் கடைசியில் அங்கே வங்கிகளை மூடிவிட்டார்கள். ஏ.டி.எம்-மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று உத்தரவு. அதிலும் வேடிக்கை பாருங்கள்: சீக்கிரமே 20 யூரோ நோட்டுகள் தீர ஆரம்பித்தன. மிச்சம் இருந்தது 50 யூரோ நோட்டு. ஆக, சட்டப்படி 60, கைக்கு வந்தது 50! ஆனால் அங்கே தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போன வெளிநாட்டுக் கார்டுக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஊர்க்காரனுக்கு அளவு, விருந்தாளிக்குத் தாராளம்!

நமக்கும் அடுத்த வருஷமே அனுபவம் வந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1,000 செல்லாது என்றார்கள். ஏ.டி.எம்-மில் முதலில் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்தான். வந்ததோ ரோஸ் கலர் 2,000 நோட்டு. அதை டீக்கடையில் நீட்டினால் முறைத்தார்கள். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கிற வழக்கம் தோட்டங்களில் வேகம் பிடித்தது அதற்கப்புறம்தான். 2017-ல் சம்பளப் பட்டுவாடா சட்டமே அதற்குத் தோதாகத் திருத்தப்பட்டது. நமக்கு ஏ.டி.எம். ஒரு வசதி. அந்த அக்காவுக்கு அதுதான் சம்பளம் பட்டுவாடா செய்கிற ஆபீஸ்.

இந்த மெஷினை உலகுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஷெப்பர்ட் பேரன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். 1967 ஜூன் 27 அன்று லண்டனில் என்ஃபீல்டு பகுதியில் அவருடைய மெஷின் திறக்கப்பட்டது. ரகசிய எண்ணுக்கு அவர் முதலில் யோசித்தது ஆறு இலக்கம். அவர் மனைவி 'எனக்கு நாலுதான் ஞாபகம் இருக்கும்' என்றதால் நாலானது! அவர் பிறந்த ஊர் எது தெரியுமோ? நம்ம ஷில்லாங். அதுவும் மலைதான். வீட்டம்மாவைக் கேட்டு எண்ணைக் குறைத்த மனிதர், கொழுந்து எடுக்கும் அம்மாவையும் கேட்டிருந்தால் நோட்டையும் குறைத்திருப்பார்!

அந்த வேலையை ரிசர்வ் வங்கி பிற்பாடு செய்தது. 2025 ஏப்ரலில் ஓர் உத்தரவு: 2025 செப்டம்பர் 30-க்குள் நாட்டிலுள்ள ஏ.டி.எம்-களில் 75 சதவீதம், 2026 மார்ச் 31-க்குள் 90 சதவீதம், குறைந்தது ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு தர வேண்டும். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குக் குன்னூர் அக்காதான் ஞாபகம் வந்தார்.

அன்றைக்கு அவர் திரும்பி வந்தார். ஒரு கையில் மாத்திரைக் கவர். இன்னொரு கையில் சில்லறை.

"இந்தாங்க தம்பி. இருபத்தெட்டு."

"அய்யோ, வேணாம் அக்கா..."

"அதெப்படி? கணக்குன்னா கணக்குதான்." கையில் திணித்துவிட்டுப் போயே விட்டார்.

நண்பனுக்குத் தாகம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2019-லிருந்தே தடை. பதிலுக்கு ஆங்காங்கே தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். நாணயம் போட்டால் தண்ணீர். எங்கள் நாலு பேரிடமும் ஐந்நூறு ஐந்நூறாக இருந்ததே தவிர, ஒரு நாணயம் கிடையாது. அக்கா கொடுத்த சில்லறைதான் தாகம் தீர்த்தது!

ஊட்டிக்குக் கிளம்புகிறீர்களா? மலையேறும் முன் மேட்டுப்பாளையத்திலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் ஊர் வங்கிக் கவுண்டரில் நூறு ரூபாய்க் கட்டாகவே வாங்கிவிடுங்கள். உங்களுக்கும் சௌகரியம். குன்னூர் மெஷினில் நீங்கள் எடுக்காமல் விடுகிற நோட்டு, பின்னால் நிற்கிற யாருக்கோ அந்த மாதச் சம்பளம்.

ஸ்வெட்டரை மறந்தாலும் பரவாயில்லை, சார்!