மச்சமா, மெலனோமாவா? பயாப்ஸி செய்தும் டாக்டர்கள் ஏன் வேறு வேறு பதில் சொல்கிறார்கள்?

ரெகே இசைக் கலைஞர் பாப் மார்லிக்கு 1977-ல் வலது கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. ஃபுட்பால் ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். பயாப்ஸி எடுத்துப் பார்த்தபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. புற்றுநோய் உடல் முழுக்கப் பரவி, 1981 மே 11-ம் தேதி 36 வயதில் உயிரிழந்தார்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் உருவாகும் புற்றுநோய்தான் மெலனோமா. ஆரம்பத்திலேயே தெரிந்தால் வெட்டி எடுத்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகும். அதனால் "இது ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொல்வது எவ்வளவு சரி என்பது சின்ன விஷயம் இல்லை.

கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மச்சத்தின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லை, ஓரம் ஒழுங்காக இல்லை, பல நிறம் தெரிகிறது, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, நாளுக்கு நாள் மாறுகிறது... இவைதான் டாக்டர்கள் தேடும் அறிகுறிகள். இதோடு டெர்மோஸ்கோப் என்ற, தோலின் உள் அடுக்கையும் காட்டும் வெளிச்சம் உள்ள லென்ஸ் சேர்ந்தால் நிலைமை நிறையவே மாறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வின்படி, ஆபத்தில்லாத மச்சங்களில் 80 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கும் அளவில் வைத்துப் பார்த்தால், வெறும் கண் 100 மெலனோமாக்களில் 76-ஐப் பிடிக்கிறது. டெர்மோஸ்கோப்போடு பார்த்தால் 92.

பயாப்ஸி செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்தானே?

எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். ஆனா பயாப்ஸி, ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது மாதிரி ஒரு நம்பரைக் கொடுத்துவிடாது. செல்களின் வடிவத்தையும் அடுக்கையும் பார்த்து ஒரு பேத்தாலஜிஸ்ட் எடுக்கும் முடிவு அது.

அமெரிக்காவில் 187 பேத்தாலஜிஸ்ட்களிடம் 240 தோல் மாதிரிகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜோன் எல்மோர் தலைமையிலான இந்த ஆய்வு 2017-ல் பி.எம்.ஜே. இதழில் வெளியானது. சாதாரண மச்சங்களில் 92 சதவீத முடிவுகள் நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போயின. ஆழமாகப் போன மெலனோமாவில் 72 சதவீதம். சிக்கல் நடுவில்தான். ஓரளவு மாற்றம் உள்ள மச்சங்களில் 25 சதவீதம், தோலின் மேல் அடுக்கிலேயே நிற்கும் மெலனோமா வகையில் 40, அப்போதுதான் உள்ளே இறங்கத் தொடங்கியதில் 43 சதவீதம் மட்டுமே ஒத்துப்போனது. அதைவிட ஆச்சரியம், குறைந்தது 8 மாதம் கழித்து அதே ஸ்லைடை அதே டாக்டரிடம் கொடுத்தபோது அவரே முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதும் நடந்தது.

பயந்துவிட வேண்டாம். அந்த ஆய்வில் கஷ்டமான மாதிரிகளை வேண்டுமென்றே அதிகம் சேர்த்திருந்தார்கள். நடைமுறையில் வரும் எல்லா மாதிரிகளுக்கும் கணக்கிட்டால் சுமார் 83 சதவீதம் சரி என்பதுதான் அவர்களின் மதிப்பீடு. மீதியில் பாதிக்குச் சற்று மேல், நோயைக் குறைத்துச் சொன்னவை. மற்றவை கூட்டிச் சொன்னவை. முதலாவது உயிருக்கு ஆபத்து, இரண்டாவது தேவையில்லாத ஆபரேஷனும் வருஷக்கணக்கில் பயமும்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். மச்சத்தின் ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளி எடுத்தால், புற்றுநோய் உள்ள இடம் மறுபக்கம் இருக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்ற கணக்கும் தவறிப்போகும். சிகிச்சையை முடிவு செய்வதில் அந்த ஆழம்தான் பெரிய விஷயம். முடிந்தவரை முழு மச்சத்தையும் எடுத்து அனுப்பச் சொல்வது இதனால்தான்.

செல்போன் ஆப் போதுமா?

போதாது. போட்டோவை வைத்தே மெலனோமாவைக் கண்டுபிடிப்போம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த ஆப்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2015-லேயே நடவடிக்கை எடுத்தது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு உருவாக்கிய ஏ.ஐ. 21 தோல் டாக்டர்களுக்கு இணையாகச் செயல்பட்டது உண்மை. ஆனால் இந்த மாதிரி ஏ.ஐ.களுக்குக் கற்றுக்கொடுக்கும் படங்களில் வெள்ளைத் தோலே அதிகம்.

நம்ம தோலில் எங்கே பார்க்கணும்?

கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வந்தால், பாப் மார்லிக்கு வந்த மாதிரி, பாதம், உள்ளங்கை, நகத்தில் வருவதுதான் அதிகம். அதனாலேயே கால் ஆணி, மரு, நகத்தில் பூஞ்சை, சர்க்கரைப் புண் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பதும் நடக்கிறது. அடிபட்டு நகத்தில் ரத்தம் கட்டினால், நகம் வளர வளர அது முன்னால் நகர்ந்துவிடும். நகராமல் நிற்கும் கறை, ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருப்புக் கோடு, நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவும் கருமை... இதில் எது இருந்தாலும் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சந்தேகத்துக்குரியது' என்ற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் லேபில் ஸ்லைடையும், மாதிரியைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, தோல் நோய்களில் தனிப்பயிற்சி உள்ள இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். புதிதாக வெட்டி எடுக்க வேண்டியதில்லை, அதே மாதிரியே பெரும்பாலும் போதும்.