குதிரை ஆண்டு: எப்படி இயங்குகிறது?

கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சங்க இலக்கியம். தமிழரிடம் மன்னனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர். சீனர் குதிரையின் பெயரை ஆண்டுக்கே தந்தார்கள். 2026 பிப்ரவரி 17-இல் தொடங்குவது ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. குதிரை சரி, நெருப்பு எப்படி வந்தது? கொல்லிமலை அடுப்படி ஒன்றில் வைத்துப் பார்ப்போம்.

முதல் சுற்று: குழம்பு

அந்த வீட்டில் தினம் ஒன்றாக 12 குழம்பு, வரிசை மாறாது. ஏழாவது மொச்சைக் குழம்பு. 13-ஆம் நாள் மறுபடி முதல் குழம்பு. சீனரின் விலங்குகளும் இப்படித்தான்: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. குதிரைக்கு ஏழாம் இடம்.

இரண்டாம் சுற்று: தானியம்

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, வரகு. ஒவ்வொன்றும் இரண்டு நாள்: முதல் நாள் களி, மறுநாள் கூழ். பத்து நாளில் சுற்று முடியும். சீனரிடம் இந்த இடத்தில் இருப்பவை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். களி நாளின் இடத்தில் ‘யாங்’ ஆண்டு, கூழ் நாளின் இடத்தில் ‘யின்’ ஆண்டு.

இரண்டும் சேரும்போது

இரண்டு சுற்றையும் ஒரே நாளில் தொடங்குங்கள். 7-ஆம் நாள் மொச்சைக் குழம்பு பனிவரகுக் களியோடு வரும். 19-இல் வரகு, 31-இல் சாமை, 43-இல் தினை, 55-இல் கேழ்வரகு. மறுபடி பனிவரகோடு சேர 67-ஆம் நாள் ஆகிவிடும். இடைவெளி 60. பத்தும் பன்னிரண்டும் இரட்டைப்படை என்பதால் மொச்சை ஒருபோதும் கூழ் நாளில் விழாது. குதிரை ஆண்டு எப்போதும் யாங்தான்.

நாளை ஆண்டாக்கி, 1984-ஐ முதல் நாளாக வையுங்கள். 1990 உலோகக் குதிரை, 2002 நீர், 2014 மரம், 2026 நெருப்பு. இதற்கு முந்தைய நெருப்புக் குதிரை 1966.

நம் பஞ்சாங்கமும் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுதான் சுற்றுகிறது. சித்திரையில் பிறக்கும் பராபவ ஆண்டும் 1966-க்குப் பிறகு 2026-இல்தான் வருகிறது.

சீனரிடம் குதிரைக்கு இருந்த மதிப்பை அறிய ஓவியங்களைப் பார்க்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் ஹான் கான் வரைந்த ‘இரவில் ஒளிரும் வெள்ளை’ இப்போது நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாங் பேரரசர் ஷுவான்சோங்கின் குதிரை அது. கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள், பிடரி சிலிர்த்து, மூக்கு விடைத்து, கண் உருண்டு நிற்கிறது. அடக்கியும் அடங்காத வலிமையை இவ்வளவு சிறிய தாளில் காட்டியிருப்பது வியப்பு. குதிரை ஓவியத்துக்குப் பெயர்பெற்ற ஷூ பெய்ஹோங் 1940-இல் தாகூரின் சாந்திநிகேதனில் தங்கி வரைந்திருக்கிறார். சீனரிடமும் சரி, ஓரியின் மலையிலும் சரி, குதிரை தன் கால்வலுவால் பெயர் பெற்றது.

ஆண்டின் பெயருக்கு அந்த வலு கிடையாது. ஆனாலும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஜப்பானில் நம்பினார்கள். அங்கே 1965-இல் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 1966-இல் 13.6 லட்சமாகச் சரிந்து, 1967-இல் 19.3 லட்சத்தைத் தாண்டியது. மூல நட்சத்திரம் என்று சொல்லிப் பெண்ணைத் தட்டிக்கழிக்கும் நம் ஊர்ப் பழக்கமும் இதே வகைதான். தினைக் களியும் மொச்சைக் குழம்பும் ஒரே நாளில் வந்தது வரிசைக் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு பெண்ணின் தலையெழுத்தாக்க யாருக்கும் உரிமை இல்லை.